பெரிய வண்டி மேல்தான் தப்பு

உலகுக்குக் கூடைப்பந்தைத் தந்தது யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். அதற்கு நீதியைத் தந்தது எங்கள் கோவில்பதாகை ‘பறக்கும் பந்து’ சங்கம்தான். செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

பந்தோடு பாய்கிறவரும் தடுக்கிறவரும் மோதிக்கொண்டால் ஃபவுல் யார் மேல்? தடுக்கிறவர் முன்னாலேயே வந்து அசையாமல் நின்றாரா என்று பார்க்க வேண்டுமாம். கண்மூடித் திறப்பதற்குள் அதையெல்லாம் எந்த ரெஃப்ரி பார்ப்பார், பாவம்! ஆட்டத்துக்கு ஆட்டம் சண்டை. எங்கள் தலைவர் தங்கராஜ் சார் ஒரே கூட்டத்தில் தீர்த்துவைத்தார்.

“ஆவடி ரோட்ல பைக்கும் லாரியும் முட்டிக்கினா ஜனங்க யாரைப் புடிக்கும்?”

“லாரிக்காரனை!” என்றோம்.

“விசாரிச்சிகினா புடிக்குது? பெரிய வண்டி மேலதான் தப்பு. அவ்ளோதான் மேட்டரு!”

போண்டா வருவதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது: மோதலில் உருவத்தில் பெரியவரே குற்றவாளி.

இந்தச் ‘சீர்திருத்தம்’ அரங்கேறிய அன்று மண்ணூர்பேட்டை அணியில் ஹெலினா ஆடினாள். ஆறடிப் பெண். அவளைப் பார்த்து மாவட்ட அணிக்கு எடுப்பதற்காகவே ஒரு மேடம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எதிரணி ரியா அவள் தோள் உயரம்கூட இல்லை, ஆனால் கெட்டிக்காரி. நேராக ஓடிவந்து ஹெலினா மேல் விழுந்தாள். ரெஃப்ரி பால்ராஜ் ஹெலினா மேல் ஃபவுல் ஊதினார். மறுபடி விழுந்தாள், மறுபடி ஊதினார்.

“சார், நான் சும்மா நின்னுகினுதானே இருந்தேன்! அவதான் வந்து இடிச்சா!”

“இன்னாம்மா பண்றது, நீ லாரியா பூட்டியே” என்றார் பால்ராஜ், வருத்தத்தோடுதான்.

ஐந்தாவது ஃபவுலில் ஹெலினா வெளியே. பாதி ஆட்டம்கூட ஆகவில்லை. மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அந்தப் பெண் அழுதாள். பெரிய சீர்திருத்தங்களில் இதெல்லாம் சகஜம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்து தலைவர் தன் புதுக் காரில் ஏறி உட்கார்ந்தார். இன்னும் கிளப்பக்கூட இல்லை. டமால்! ஒரு ஸ்கூட்டர் வந்து முட்டிற்று. கூட்டம் காரைச் சூழ்ந்துகொண்டது.

“பெரிய வண்டி வச்சிகினா கண்ணு தெரியாதா? எறங்குய்யா கீழே!”

“ஐயோ, நான் சும்மா நின்னுகினுதானே இருந்தேன்!” என்று அலறினார் தலைவர்.

அங்கேயே அவசரக் கூட்டம் கூடியது. சட்டை கசங்கிய தலைவர் முன்மொழிந்தார், நான் வழிமொழிந்தேன்: சும்மா நின்றுகொண்டிருப்பதன் மேல் எந்தத் தப்பும் கிடையாது!

ஹெலினா துண்டை எறிந்துவிட்டு ஓடிவந்தாள். “தேங்க்ஸ் சார்! மேடம் இன்னும் பஸ் கெடைக்காம ஸ்டாப்லதான் நிக்கிறாங்க. போய் சொல்லிக் கூட்டினு வரட்டுமா?”

தலைவர் காரின் நசுங்கலைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“இது கார் விஷயம்மா. ஆளுங்களைப் பத்தி அஜெண்டாவுல ஒண்ணும் இல்ல.”