வேற்றினச் சான்றிதழ் கேட்ட தவளை

ஒரு காட்டில், குளத்தின் கிழக்குக் கரையில், பரஞ்சோதி என்றொரு தவளை மானம் மரியாதையோடு வாழ்ந்து வந்தார். அவருடைய மகள் அல்லி அந்த மானத்துக்கு உலை வைத்தாள். கட்டினால் மேற்குக் கரைச் சிங்காரத்தைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தவளைக்கு அது லேசான காரியமில்லை.

சிங்காரம் வேறு இனம் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டால் கல்யாணம் செல்லாமல் போய்விடும் என்று நம்பினார் பரஞ்சோதி. வன அலுவலக வரிசையில் மூன்று நாள் நின்று மனுவை நீட்டினார். இனப்பிரிவு அதிகாரி நீலமேகம் ஒரு கோவேறு கழுதை.

"மேற்குக் கரைக்காரங்க எப்ப ஜோடி தேடுவாங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"ஐப்பசி மழையில சார்."

"நீங்க?"

"அதே மழைதான். ஆனா நாங்க கௌரவமா நனைவோம்."

அதிகாரி படிவத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார். "அவன் கத்தினா உங்க பொண்ணுக்குப் புரியுமா?"

"புரியாமலா சார் இக்கரையிலேர்ந்து குதிச்சுப் போனா?"

இன்னொரு பெருக்கல் குறி விழுந்தது. "முட்டை?"

"நானூறு. எல்லாம் பொரிஞ்சு வாலோட திரியுது. ஆனா சார், அதுங்க வளர்ந்து மலடாப் போகலாமில்ல?"

நீலமேகம் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கு வலித்தது.

"எங்கப்பா கழுதை, எங்கம்மா குதிரை. எனக்குப் பிள்ளையே பிறக்காது. வேற இனம்னா அதுதான் ஐயா. இதுக்கு முன்னாடி உங்க ரெண்டு கரைக்கும் சம்பந்தம் நடந்ததுண்டா?"

பரஞ்சோதி குரலைத் தாழ்த்தினார். "எங்க சித்தப்பா அக்கரைப் பொண்ணோட ஓடிப்போனார். அவர் பேரன்தான் சார் இந்தச் சிங்காரம்."

"பேரன் வரைக்கும் வந்தாச்சு. ஒரே இனம். மனு தள்ளுபடி."

பரஞ்சோதி அழுதுகொண்டே வீடு திரும்பினார். ஆனால் மனம் தளரவில்லை. மறுநாளே 'கிழக்குக் கரைத் தனியினப் பாதுகாப்புச் சங்கம்' தொடங்கினார். தலைவர் அவரேதான். இளைஞரணிக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. வயதுப் பிள்ளைகள் எல்லாரும் மேற்குக் கரையில் மாமியார் வீட்டில் இருந்தார்கள். வேறு வழியில்லாமல் அல்லியின் நானூறு பிள்ளைகளையும் உறுப்பினராகச் சேர்த்தார்.

திறப்பு விழாவில் அவர் கலப்பு மணத்தைக் கண்டித்து ஒரு மணி நேரம் முழங்கினார். நானூறு வால்களும் ஆட, "தாத்தா வாழ்க!" என்று குளமே அதிர்ந்தது. பரஞ்சோதிக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது.

நீதி: வெவ்வேறு இனங்களைப் பிரித்து வைக்க இயற்கை போதும். ஒரே இனத்தைப் பிரிக்கத்தான் சங்கம் வேண்டும். சங்கத்துக்கு ஆள் சேர வேண்டுமென்றால் நாலு கலப்புக் கல்யாணமாவது நடக்க வேண்டும்.