பிறந்தநாளுக்கு டிமிக்கி

உட்ரெக்ட் நிலையத்தில் ரயில் கிளம்ப விசில் ஊதும் நேரத்தில், வுப்போ உட்கார்ந்திருந்த பெட்டிக்குள் மூச்சிரைக்க வந்து ஏறினான் அவர் மைத்துனன் சீப்ரன்.

அன்று சாயங்காலம் வுப்போவின் வீட்டில் பிறந்தநாள் விருந்து. பிறந்தநாளே அவருடையதுதான். அவரோ காலையில் மனைவி டினேக்கேயிடம், "பழைய ஆபீஸ் நண்பனுக்கு உடம்பு முடியல, பாத்துட்டு விருந்துக்குள்ள வந்துடறேன்" என்று கூசாமல் புளுகிவிட்டு தன் ஊரான ஆமெர்ஸ்ஃபோர்ட்டில் ரயிலேறியிருந்தார். சாயங்காலம், 'ரயில் தாமதம்' என்று வீட்டுக்கு ஒரு தகவல் சொன்னால் போதும். எங்கள் நாட்டில் அதை நம்பாதவர் கிடையாது.

எங்கள் பக்கத்துப் பிறந்தநாள் எப்படியிருக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். வருகிற ஒவ்வொருவரும் வட்டத்தைச் சுற்றிவந்து எல்லார் கையையும் குலுக்க வேண்டும். பிறந்தநாள்காரனை மட்டும் வாழ்த்தினால் போதாது. மனைவியிடம், "உன் புருஷன் பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்." தங்கையிடம், "உன் அண்ணன் பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்." பக்கத்து வீட்டுக்காரிக்கும் ஒன்று உண்டு. அப்புறம் ஒரு காப்பி, ஒரே ஒரு துண்டு கேக். பிறகு இருட்டும்வரை முழங்கால் வலியும் கூரை ஒழுகுவதும்தான் பேச்சு. நடுவில் எழுந்தால் மரியாதைக் குறைவு.

வாழ்நாளில் ஒரு பிறந்தநாளையாவது தன் இஷ்டப்படி கழித்தே தீருவது என்று வுப்போ இந்த வருஷம் முடிவு கட்டிவிட்டார். கௌடா நகரத் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், பிறகு ஏதாவது ஒரு தோட்டம், யாரும் கை குலுக்காமல் தின்ன ஒரு பாலாடைக்கட்டி ரொட்டி. அவ்வளவுதான் ஆசை. யாரும் கூப்பிட்டுக் கெடுத்துவிடக் கூடாதென்று போனைக்கூட அணைத்துவிட்டார்.

இப்போது சீப்ரன் எதிரே நிற்கிறான். அவரைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அத்தான்... பிறந்தநாள் வாழ்த்துகள்."

"நீ எங்கடா இங்க?"

"நானா? நான் சும்மா... நீங்க எங்க?"

"ஷ்ஷ்!" எதிர் இருக்கை அம்மாள் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பை விரலால் தட்டினாள். அது பேசக்கூடாத பெட்டி. "படிக்கத் தெரியாதா ரெண்டு பேருக்கும்?"

"மன்னிச்சுக்குங்கம்மா, எங்க அத்தானுக்கு இன்னைக்குப் பிறந்தநாள்."

அந்த அம்மாள் எழுந்து வந்து சீப்ரனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "உங்க அத்தான் பிறந்தநாளுக்கு வாழ்த்துகள். இப்ப வாயை மூடுங்க."

அதன்பின் கௌடா வரும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியே மேயும் மாடுகளையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். கதவு திறந்ததுதான் தாமதம், சீப்ரன் பெட்டியின் மறுகோடிக் கதவு வழியாகப் பாய்ந்து இறங்கி மறைந்தான்.

'வாசலில் மடக்கப் பார்க்கிறான்' என்று வுப்போ கணக்குப் போட்டார். 'டினேக்கேதான் அனுப்பியிருக்கிறாள். நானா மாட்டுவேன்?' நிலையத்தின் பின்பக்க வழியாக வெளியேறி, ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி, ஒருவழியாகத் தேவாலயத்துக்குள் நுழைந்தார்.

நிம்மதியாக அண்ணாந்து முதல் ஜன்னலைப் பார்த்தார். பார்வையை இறக்கினால், தூணுக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் தங்கை ஹில்லா! கோயிலுக்குள் யாராவது கறுப்புக் கண்ணாடி போடுவார்களா? கழுத்தை நீட்டி நாலாபுறமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வுப்போ சட்டென்று பெஞ்சுக்குப் பின்னால் மண்டியிட்டார். காவலர் வந்து குனிந்தார்.

"ஐயா, ஜெபமெல்லாம் ஞாயித்துக்கிழமைதான். இன்னைக்கு வேடிக்கை பாக்கறவங்க மட்டும்."

"எனக்கு அவசரமா அடைக்கலம் வேணும்."

"கடவுள் கிட்டயா?"

"இல்லய்யா, என் தங்கச்சி கிட்டேருந்து!"

ஆத்திரத்தில் குரல் உயர்ந்துவிட்டது. அந்தக் கட்டடத்தில் குரல் உயர்ந்தால் கோபுரம்வரை கேட்கும். ஹில்லா திரும்பினாள். அண்ணனும் தங்கையும் ஒரு கணம் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். "ஐயோ!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பக்கவாட்டுக் கதவை நோக்கி அவள் ஓட்டம் பிடித்தாள்.

'சீப்ரனைக் கூட்டிவரப் போகிறாள்.' வுப்போவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு மனுஷன் ஒருநாள் தனியாக இருக்கக் கூடாதா? குடும்பமே வலை விரித்தால் என்ன, அவரும் விடுவதாயில்லை. ஸ்டேஷனுக்கு ஓடி, எதிரில் நின்ற ரயிலில் தாவி ஏறினார். அது லைடன் போகிற வண்டி என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

லைடனில் பழைய பல்கலைக்கழகத் தோட்டம் இருக்கிறது. அதற்குள் கண்ணாடிக் கொட்டகை. வெப்பநாட்டுச் செடிகளுக்காகக் கொதிக்கக் கொதிக்கச் சூடேற்றி வைத்திருப்பார்கள். அங்கே எவன் தேடுவான் என்று உள்ளே புகுந்தார். மூக்குக் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. துடைத்து மாட்டிக்கொண்டு வெளியே பார்த்தார்.

துலிப் பாத்தி ஓரத்துப் பெஞ்சில் பச்சை மழைக்கோட்டோடு டினேக்கே உட்கார்ந்திருந்தாள்.

மற்றவர்களை நம்பாமல் அவளே வந்துவிட்டாள்! கொட்டகைக்கு ஒரே கதவு. அதுவும் அவளுக்கு நேர் எதிரே. வுப்போ இருந்த இடத்திலேயே செடிகளுக்கு நடுவில் பதுங்கினார். தோட்டக்காரப் பெண் வந்து முறைத்தாள்.

"ஐயா, பாத்தியில ஏறி நிக்கறீங்க."

"கொஞ்ச நேரம் நின்னுக்கறேம்மா."

"அதெல்லாம் பூச்சியைப் புடிச்சுத் திங்கற செடிங்க."

"பரவால்ல. எங்க சொந்தக்காரங்களுக்கு இது எவ்வளவோ தேவலை."

வியர்வை காதோரம் வழிந்தது. கோட்டைக் கழற்றினார், பிறகு கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். டினேக்கே அசைவதாகத் தெரியவில்லை. மடியில் ரொட்டிப் பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடந்தது. கண்களை மூடி, முகத்தை வெயிலுக்குக் காட்டியபடி சாய்ந்திருந்தாள்.

பார்க்கப் பார்க்க வுப்போவுக்கு நெஞ்சைப் பிசைந்தது. தேடித் தேடி ஓய்ந்துபோய்விட்டாள் பாவம். வருஷா வருஷம் அக்கம்பக்கத்தில் நாற்காலி இரவல் வாங்கி வட்டம் போடுகிறவள் அவள்தானே! அவளைப் போய் ஊர் ஊராக அலைய விட்டுவிட்டோமே. தான் செய்தது அற்பத்தனம் என்று அவருக்கே வெட்கமாயிருந்தது.

அப்போது எடுத்தார் இன்னொரு முடிவு. அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேருவது. வட்டத்தில் உட்காருவது. முழங்காலானாலும் கூரையானாலும் இருட்டும்வரை வாய் வலிக்கச் சிரித்துக்கொண்டு கேட்பது. நடுவில் எழுந்திருப்பதில்லை.

டினேக்கே எழுந்து பூக்களைப் பார்க்கத் திரும்பிய நொடியில் நழுவி வெளியே வந்து ஓடினார். அன்றைக்கு ரயில்களெல்லாம் அதிசயமாக நேரத்துக்கு வந்தன. வழியில் டினேக்கேவுக்கென்று பெரிய பூங்கொத்து ஒன்று வாங்கிக்கொண்டார்.

கதவைத் திறந்தது பக்கத்து வீட்டுக்காரி கோபா. கூடத்தில் நாற்காலிகள் வட்டமாகக் காத்திருந்தன. எல்லாம் காலி. ஒன்றின் மேல் மட்டும் கோபா பாதி தின்ற கேக் தட்டு.

"வா வுப்போ, பிறந்தநாள் வாழ்த்துகள்."

"எங்க எல்லாரும்? என்னைத் தேடிப் போனவங்க இன்னும் வரலையா?"

"உன்னைத் தேடியா? அதை ஏன் கேக்கற! நீ படியிறங்கினதுமே போன் மேல போன். சீப்ரனுக்குக் காய்ச்சலாம். ஹில்லாவுக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சாம், படுக்கையை விட்டே எழுந்திருக்க முடியலையாம். உன்னைக் கூப்பிட்டா உன் போன் செத்துக் கிடக்கு. யாரும் வரலைன்னு ஆனதும் டினேக்கே மூஞ்சியில ஒரு சந்தோஷம் வந்துச்சு பாரு! 'அவர் வந்தா பாத்துக்கோ'ன்னு சாவியை என் கையில திணிச்சுட்டு, குதிச்சுக்கிட்டு ரயிலேறப் போயிட்டா."

பூங்கொத்தோடு வுப்போ பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். தான் ஓடியதெல்லாம் மறந்துபோயிற்று.

"என் பிறந்தநாள்னா அவ்வளவு கசக்குதா அவங்களுக்கு? பிடிக்கலைன்னா இத்தனை வருஷமா எதுக்கு வந்தாங்களாம்?"

கோபா ஒரு துண்டு கேக்கை வெட்டி அவர் கையில் வைத்தாள்.

"இந்த வட்டத்துல உக்காரலைன்னா உனக்கு உசுரே போயிடும்னு நினைச்சுத்தானேப்பா, நாங்க எல்லாரும் வருஷா வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம்!"