என் கல்யாணத்துப் பச்சை அன்னங்கள்

படிப்பு சான்றிதழோடு இருக்கும்வரை யாருக்கும் ஆபத்தில்லை. அதை யாராவது நம்பிவிட்டால்தான் வம்பு. என் படிப்பை நம்பிக் கெட்டவர், எனக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை.

நான் எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ. எங்கள் குடும்பத்தில் முதல் டிப்ளமோ என்பதால் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரைவிடப் படிப்பு கொஞ்சம் பெரிய எழுத்தில் இருந்தது (அம்மாவின் ஏற்பாடு). பாலிடெக்னிக் லேபில் நாலைந்து பேருக்கு ஒரு சால்டரிங் அயர்ன். மற்றவர்கள் சால்டர் வைப்பார்கள், நான் ரெக்கார்டு எழுதுவேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். பெண் பார்க்க வந்த அன்று இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை.

மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் வேப்பூர், வேலை சென்னையில். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. என்னோடு பேச வேண்டுமென்றால் விருத்தாசலத்தில் எங்கள் வீட்டு லேண்ட்லைனுக்குத்தான் போன் செய்ய வேண்டும். போன் கூடத்தில் இருந்தது. மணி அடித்ததும் அப்பா பேப்பரோடு பக்கத்து நாற்காலிக்கு வந்துவிடுவார். அம்மாவுக்கு அப்போதுதான் முருங்கைக்கீரை ஆய வேண்டியிருக்கும், அதுவும் அங்கேயேதான். "சாப்டீங்களா?" "சாப்டன்." "அங்க மழையா?" "இல்லீங்க." இதற்கு மேல் எங்கள் காதல் வளரவில்லை.

ஒருநாள் அவர் புதிதாக ஒன்று சொன்னார்.

"எங்கிட்ட ஒரு பழைய வீடியோ கேம் பொட்டி இருக்குது. எல்லா சிடியும் ஓடட்டும்னு உள்ள ஒரு சிப்பு வெச்சி சால்டர் பண்ணாங்க. அதுலேருந்து ஒரே தகராறு. ஒரு நேரம் ஓடுது, ஒரு நேரம் டிவி கருப்பாவே நிக்குது. நீங்க எலக்ட்ரானிக்ஸ் ஆச்சே, பாக்கறீங்களா?"

"குடுத்தனுப்புங்க, பாத்துடலாம்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா பெருமையாகக் கனைத்தார்.

பெட்டி சென்னை பஸ்ஸில் கண்டக்டர் கையில் வந்து சேர்ந்தது. கழற்றிப் பார்த்தேன். செம்புக் கோடுகள் ஓடும் பச்சை சர்க்யூட் பலகையின் மூலையில் ஒரு சின்ன சிப்பு, அதிலிருந்து தலைமுடி மாதிரி ஏழெட்டு ஒயர்கள். ஒரு விரலால் சிப்பை அழுத்திப் பிடித்தால் கேம் ஓடியது, விட்டால் டிவி கருத்தது. ஆகா, டிரை சால்டர்! ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரு டாக்டர் நாடி பிடித்த மாதிரி எனக்குப் பூரிப்பு. நான் வாங்கி வந்த சால்டரிங் அயர்னின் மூக்கோ முருங்கைக்காய் பருமன். ஒரு ஒயரைப் பிடிக்க வைத்தால் பக்கத்து ஒயர் கையோடு வந்தது.

ஆனால் ஒரு நன்மை நடந்தது. இப்போது அவர் தினமும் போன் செய்தார். "மூணாவது ஒயர்ல கன்டினியூட்டி வருதுங்க, ஆனா கிரவுண்டு சரியில்ல" என்று நான் சொல்ல, "அப்ப ரீசெட்டு போற ஒயரப் பாத்தீங்களா?" என்று அவர் கேட்க, அப்பா ஒன்றும் புரியாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மாவும் கீரையைத் தூக்கிக்கொண்டு போனாள். எங்களுக்குக் கிடைத்த முதல் தனிமை அது. அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனதே அந்த ரிப்பேரில்தான்.

கூடவே ஒரு பயமும் சேர்ந்தது. வேப்பூரில் என் மாமியார், "மருமவ டிவி கேமையே கழட்டி மாட்டுதாம்" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இது ஓடாவிட்டால் என் டிப்ளமோ கல்யாணத்துக்கு முன்பே செல்லாக்காசு. எப்படியாவது ஓட வைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

பிரவுசிங் சென்டருக்குப் போனேன். எந்த நாட்டு மகராசனோ எழுதியிருந்தான்: பலகையைத் தனியே கழற்றி, ஓவனில் இருநூறு டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்தால் ஈயம் இளகித் தானாகப் பிடித்துக்கொள்ளும். எங்கள் தெருவில் ஓவன் யார் வீட்டில் இருந்தது? ஆனால் இது விருத்தாசலம். ஓவன் இல்லாவிட்டால் என்ன, பீங்கான் சூளை இருக்கிறதே! என் அம்மாவின் தம்பி ராசேந்திரன் மாமா பீங்கான் பொம்மை செய்கிறவர். இந்தியாவிலேயே எனக்கு மட்டும்தான் இந்த யோசனை வந்திருக்கும் என்று பெருமைப்பட்டேன். (அது உண்மைதான்.)

"மாமா, ஒங்க சூளையில எரநூறு டிகிரி எப்ப இருக்கும்?"

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இருக்கும். எதுக்குப் பாப்பா?"

"சும்மாதான் மாமா, ப்ராஜெக்ட்டு."

படிப்பு முடிந்து ஒரு வருடமாகிறதே என்று மாமா கேட்கவில்லை. கல்யாண வேலை அவர் தலையில் கிடந்தது. எங்கள் தாம்பூலப் பையில் போட, பால் வெள்ளையில் ஜோடி அன்னம் செய்து தருவதாக ஏற்றிருந்தார். வெள்ளை அன்னம் அம்மாவின் கனவு. ஊரில் எவள் கல்யாணத்திலும் கொடுத்ததில்லை என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன். சூளைக் கதவு ஒருக்களித்திருந்தது. மீட்டர் முள் சரியாக இருநூறில். உள்ளே அடுக்கடுக்காக அன்னங்கள். ஆகா, வெந்து முடிந்து ஆறுகின்றன என்று நினைத்தேன். அவற்றின் மேல் மாவு பூசினாற்போல் இருந்தது எதனால் என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மாமா கொல்லைப்பக்கம் கேஸ் சிலிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பலகையை ஒரு தகரத்தில் வைத்து, கம்பியால் அடித்தட்டில் தள்ளிவிட்டு, டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது கதவு மூடியிருந்தது. பர்னர் உறுமியது. முள் நானூறைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"மாமா! ஆறிக்கிட்டு இருந்திச்சே!"

"ஆறுதா? இப்பதான ஏத்தறன். ஈரம் போவட்டும்னு கதவ ஒருக்களிச்சி வெச்சிருந்தன். ஆயிரத்து எரநூறு போவணும் பாப்பா, அப்பதான் மேல பூசுன மாவு உருகிப் பளபளக்கும். இன்னும் எங்க இருக்குது!"

இருநூறு டிகிரி இறங்கும்போதும் வரும், ஏறும்போதும் வரும். மூன்று வருடம் கிராஃப் வரைந்த எனக்கு இது அந்த நிமிடம்தான் உறைத்தது. சிறுவயதிலிருந்து சூளை பிரிக்கிற நாளில் மட்டுமே வேடிக்கை பார்க்க வந்தவள் நான். சூளை என்றாலே ஆறுவது என்று மனதில் பதிந்திருக்கிறது.

"இப்ப தொறக்க முடியாதா மாமா?"

"தொறந்தா காத்து பட்டு அத்தினியும் வெடிச்சிடும். ஒங் கல்யாணத்து அன்னம் பாப்பா. ஏன், என்னாத்துக்கு?"

ஒரு பக்கம் அவருடைய பலகை, இன்னொரு பக்கம் அம்மாவின் அன்னம். "ஒண்ணுமில்ல மாமா" என்று சொல்லிவிட்டு, நேரே பழமலைநாதர் கோயிலுக்குப் போய் உட்கார்ந்தேன். பலகை எரியக்கூடாது என்று கேட்பதா, எரிந்தது தெரியக்கூடாது என்று கேட்பதா என்று முடிவு செய்ய முடியவில்லை. பொதுவாகக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

சூடு ஆறி, மறுநாள் சூளை பிரிக்கும்போது அம்மாவும் வந்திருந்தாள். கதவைத் திறந்த மாமா அப்படியே நின்றுவிட்டார். அடித்தட்டு அன்னங்கள் வாழையிலைப் பச்சை. மேல்தட்டுகள் இளம்பச்சை. உச்சியில் இருந்தவை, காமாலை கண்டவர்கள் மாதிரி ஒரு நிறம். வெள்ளை என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.

"ஐயையோ, என்னாடா தம்பி இது, அன்னம் கேட்டா கிளி குஞ்சு பொரிச்சி வெச்சிருக்க!" என்று அம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

"எங்கனா செம்பு பட்டாதான்க்கா இப்டிப் பச்ச பூக்கும். சூளைக்குள்ள செம்பு எப்டி வந்துச்சி?" என்று மாமா குனிந்து தேடினார். அடித்தட்டில், கருப்பாக உருகி, தகரத்தோடு ஒட்டிக்கிடந்த ஒரு கட்டியைப் பெயர்த்து எடுத்தார். அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது என்னா பாப்பா?"

"ப்ராஜெக்ட்டு மாமா" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன்.

மறுபடி சுட நேரமில்லை, கல்யாணம் அந்த வாரமே. "பச்சைன்னா மங்களம்தானக்கா, மாங்கொத்து கட்றது இல்லியா?" என்று மாமா அம்மாவைச் சமாதானம் செய்தார். என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அன்று சாயங்காலம் போன் வந்தது. கூடத்தில் அப்பா, அம்மா, மாமா என்று எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறைக்க இனி ஒன்றுமில்லை.

"ஒங்க கேம் பலகைய எங்க மாமா சூளையில வெச்சி எரிச்சிட்டங்க. கல்யாணத்து அன்னமும் போச்சி. எனக்கு சால்டரே சரியா வைக்கத் தெரியாதுங்க, ரெக்கார்டு மட்டுந்தான் எழுதுவன்" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

போச்சு, கல்யாணமே போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எத்தினி டிகிரில வெச்சீங்க?" என்றார்.

"ஆயிரத்து எரநூறு."

"அது கொஞ்சம் அதிகம்தாங்க" என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இந்த மனிதரோடு காலம் முழுக்கக் குப்பை கொட்டிவிடலாம் என்று அந்த நிமிடம் நிம்மதியாக இருந்தது.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் தாம்பூலப் பைக்குள் எட்டிப் பார்த்து, "கிளிக்கு கழுத்து ஏன் இம்மாம் நீளமா இருக்குது?" என்று கேட்டார்கள். அம்மா சிரித்தபடியே, "அது புது மாடலு" என்றாள். அந்தச் சிரிப்புக்கு என்னிடம் வசூலிக்க வேண்டியதைப் பிறகு தனியாக வசூலித்தாள்.

சில மாதம் கழித்து மாமாவிடமிருந்து போன். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த ஒருவர், எங்கள் கல்யாணத்தில் கொடுத்த அதே பச்சையில்தான் தன் மகள் கல்யாணத்துக்கும் அன்னம் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாராம். மாமா தெரிந்த பச்சையெல்லாம் கலந்து சுட்டுக் காட்டியும் ஆள் மசியவில்லையாம்.

"பாப்பா," என்றார் மாமா தயங்கித் தயங்கி, "மாப்ளகிட்ட அந்த மாதிரி இன்னொரு பொட்டி இருக்குதான்னு கேளேன்."

இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவர் என் மாமியார். என்னைப் பற்றித் தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லி வைத்தவர் அல்லவா, இதையும் அவரேதான் தெருவெல்லாம் சொன்னார். இன்றைக்கும் வேப்பூர் வீட்டில் மிக்ஸி நின்றாலும் சரி, ரேடியோ கரகரத்தாலும் சரி, நான் பக்கத்தில் போனதும் அவர் குரல் வந்துவிடும்.

"அத மருமவகிட்டக் குடுத்துடாதீங்க. அன்னம் பண்ணிடுவா!"