உயிரோடு இருந்த பாடகருக்கு நான் வைத்த வரவேற்பு

எனக்கு ஒரு கெட்ட குணம். சொன்ன வேலையைச் செய்துவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாது. அதற்கு மேலே ஒரு படி போய் ஏதாவது செய்து வைப்பேன். அந்தக் குணத்தால், ஒன்பது வருடங்களுக்கு முன்பு இத்தாலியில் பலெர்மோவை அடுத்த மொண்டெல்லோவில், உயிரோடு இருந்த ஒரு மனிதருக்குச் செத்தவீடு நடத்தினேன்.

அப்போது நாங்கள் பலெர்மோவுக்கு வந்து ஒரு வருடம்தான். ஹாங்காங்கில் பிறந்து இத்தாலியரைக் கட்டிய ஒரு சிஞ்ஞோராவின் (அம்மணியின்) வீட்டில் எனக்குத் துப்புரவு வேலை. என் பெர்மெஸ்ஸோ (இங்கே இருப்பதற்கான அனுமதி, அதாவது உயிர்) முடியப் போகிறது. புதுப்பிக்க வேலை ஒப்பந்தம் வேண்டும். திங்கட்கிழமை கையெழுத்து வைப்பதாகச் சிஞ்ஞோரா சொல்லியிருந்தாள். வைக்காவிட்டால், மகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அதற்கு முதல்நாள் அவளுடைய அண்ணன் ஹாங்காங்கிலிருந்து வருகிறார். லேசுப்பட்ட ஆள் இல்லை. கன்டனீஸ் தொலைக்காட்சி நடிகர், பாடகர். ஈட்டி பிடித்த காவலாளியாக மூன்று வருடம் வசனமே இல்லாமல் நின்று, பிறகு ஒரு தொடரின் தலைப்புப் பாட்டைப் பாடி ஒரே பாட்டில் பெயர் எடுத்தவர். இப்போது அப்பா வேடங்களும், கலியாண விருந்துகளில் பாட்டும். நான் ஜன்னல் துடைக்க, சிஞ்ஞோரா கதிரையில் இருந்து சொன்ன சரித்திரம் இது.

"வாசலைக் கொஞ்சம் வடிவாக்கி வை" என்றுதான் அவள் சொன்னாள்.

கொஞ்சமா? நானா?

இவர் (என் கணவர்) வீட்டிலேயே எச்சரித்தார். "உமக்கேன் உந்த வேலையில்லாத வேலை? சொன்னதை மட்டும் செய்திட்டு வாருமன்."

"பெரிய கலைஞர் வாறார். சும்மா விடேலுமே? நீங்கள் பேசாமல் இருங்கோ."

நாங்கள் இருந்த சீசாப் பகுதியிலிருந்து குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். சிஞ்ஞோரா விமான நிலையம் போனதும், எங்கள் கலைவிழாக்களில் செய்வதுபோல வாசலில் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்தேன். நடுவில் அவருடைய இளமைக்காலக் கறுப்பு வெள்ளைப் படம். சிஞ்ஞோராவின் அல்பத்திலிருந்து போனில் எடுத்து, பெரிதாக்கி வைத்திருந்தேன். படத்துக்கு மாலை போடவில்லை. (உயிரோடு இருப்பவரின் படத்துக்கு மாலை போடக்கூடாது என்று தெரியாத முட்டாளா நான்?) சுற்றிவர மல்லிகைப்பூவைக் குவித்தேன். விளக்கைக் கொளுத்தி, மூன்று ஊதுவத்தி வைத்தேன். தள்ளி நின்று பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

கார் வந்தது. சிஞ்ஞோரா இறங்கினாள், பார்த்தாள், இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். பின்னால் வந்த அண்ணன் தன் படத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"என் அண்ணன் செத்துப்போனாரா? சொல்லு, செத்துப்போனாரா?" என்று சிஞ்ஞோரா இத்தாலியனில் கத்தினாள்.

வெள்ளைத் துணி, வெள்ளைப் பூ, நடுவில் படம், முன்னால் ஊதுவத்தி. அவர்கள் வழக்கத்தில் அது சவ அஞ்சலியாம். எங்கள் ஊர்ப் பள்ளத்தைக் கவனமாகத் தாண்டி, அவர்கள் ஊர்ப் பள்ளத்தில் போய் விழுந்திருக்கிறேன்.

கையெழுத்து இல்லை, பெர்மெஸ்ஸோ இல்லை, மகளுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். பயத்தில் இத்தாலியன் ஒரு சொல்கூட வரவில்லை. "ஐயோ, ஐயா, நீங்கள் நூறு வருசம் இருக்கோணும்" என்று தமிழில் அழுதேன்.

அவர் மெதுவாக என் முன்னால் வந்தார். உள்ளங்கையை நீட்டி ஏதோ சொன்னார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

சிஞ்ஞோரா பல்லைக் கடித்தபடி மொழிபெயர்த்தாள். "காட்சி முடிந்துவிட்டதாம். சிவப்பு உறை எங்கே என்று கேட்கிறார்."

தொடரில் செத்தவராக நடித்தால், தீட்டுக் கழியச் சிவப்பு உறையில் கொஞ்சக் காசு கொடுப்பது அவர்கள் தொழிலில் வழக்கமாம். உறைக்கு நான் எங்கே போவது? சிவப்புக் கடதாசித் துவாயில் ஒரு யூரோவைச் சுற்றி நீட்டினேன். துவாய் பிரிந்து நாணயம் விழுந்து மேசைக்குக் கீழே உருண்டது. அந்தப் பெரிய கலைஞர் முழந்தாளிட்டுத் தேடி எடுத்து, சட்டைப்பையில் போட்ட பிறகுதான் சிரித்தார். சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. மறுநாள் கையெழுத்து வைத்தாள். இனி அந்த வீட்டில் பூவைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தாள்.

போன மாதம் இவருக்கு ஐம்பது வயது. ஆசையாக இவருடைய படத்தைப் பெரிதாக்கி ஹோலில் வைத்தேன். வேலையால் வந்தவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மம்மா, பப்பா அன்கோரா வீவோ!" (அப்பா இன்னும் உயிரோடுதான்) என்றாள். இவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, என் முன்னால் உள்ளங்கையை நீட்டினார்.