எந்த ஊர் என்று ஆட்டிடம் கேட்டோம்

திண்ணனூர் நாடு,
கொல்லிமலை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை யுவராஜ் அவர்களுக்கு, மாமன் அப்பாசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உங்கள் அத்தை அம்சவேணி சுகம், மிளகுக்கொடிகள் சுகம். ஒரு ஆடு மட்டும் சுகமில்லை, அதைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். கோயமுத்தூரில் தாங்களும் கோகிலாவும் சுகமாக இருப்பதாகவும், ஒருவரோடொருவர் பேசத் தொடங்கிவிட்டதாகவும் நம்புகிறேன். பேசத் தொடங்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கவும். இன்னொரு தடவை எழுத எனக்குக் கை வராது.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நான் அனுப்புகிற வாய்ஸ் மெசேஜை நீங்கள் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாகக் கோகிலா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். வேலையில் சேர்ந்த நாள் முதல் ரிட்டயர் ஆகிற நாள் வரை மலைப்பாதையில் பஸ் ஓட்டியவன் நான். அவசரப்படுத்திய பயணியை இறக்கிவிட்டுத்தான் வண்டி எடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை என்பதால் உங்களை இறக்கிவிடவில்லை, கடிதமாக எழுதுகிறேன். இதை வேகமாக ஓட்ட முடியாது. அதோடு போனில் சொன்னால் நான் சொன்னதில் பாதியை நீங்களும் மீதிப் பாதியை அவளும் பிடித்துக்கொண்டு மறுபடியும் சண்டை போடுவீர்கள், எழுத்தில் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கனடாவில் குடியிருக்க உத்தரவு வந்துவிட்டது, எல்லோருக்கும் சந்தோஷம். எந்த ஊர் என்பதில்தான் வண்டி நின்றுபோனது. உங்கள் பெரியப்பா மகன் இருப்பதால் உங்களுக்கு டொரண்டோ. கூடப் படித்த நர்ஸ் தோழி இருப்பதாலும் குளிர் குறைச்சல் என்பதாலும் கோகிலாவுக்கு வான்கூவர். இரண்டு பேர் சண்டைக்கும் நடுவில் அந்த விசா ஏஜெண்டு கால்கரி என்று ஒரு மூன்றாவது ஊரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டான். கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், மாமா எந்த ஊர் சொல்கிறாரோ அந்த ஊருக்கு டிக்கெட் போடுவது என்று. கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று கெத்தாகச் சொல்லிவிட்டு போனை வைத்தேன். வைத்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. டொரண்டோ என்றால் மகள் பேசமாட்டாள். வான்கூவர் என்றால் மாமனார் மகள் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று உங்களுக்குள் ஒரு முறைப்பு வரும். இதெல்லாம் போகட்டும். பெண் அவ்வளவு தூரம் போகிறாள், நான் கைகாட்டிய ஊரில் அவள் கஷ்டப்பட்டால் ஓடிப்போய்ப் பார்க்கக்கூட முடியாது, அந்த நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் நன்றாக விசாரித்துவிட்டுத்தான் சொல்வது என்று முடிவு செய்தேன்.

முதலில் டொரண்டோவை விசாரித்தேன். அடிவாரத்திலிருந்து சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகு வாங்க வரும் யாக்கூப் பாயின் மகன் ரமீஸ் அங்கேதான் இருக்கிறான். யாக்கூப் பாய் நல்ல மனுஷர், கேட்டவுடன் மிளகு மூட்டை மேலேயே உட்கார்ந்து வீடியோ கால் போட்டுவிட்டார். இங்கே நல்ல வெயில் ஏறிய நேரம், அங்கே ஊரே தூங்குகிற நேரம் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ரமீஸ் எழுந்து பார்க்கிறான், திரையில் அப்பாவும், பக்கத்தில் கவலையோடு நானும். வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டான் பையன். அம்மாவுக்கு என்னாச்சு என்று அழுகிறான், இங்கே சிக்னல் போய்விட்டது. அவன் உடனே அடிவாரத்து வீட்டுக்குப் போன் போட்டு, எடுத்தது அம்மா நஜிமாம்மாதான் என்று தெரிந்ததும், அப்படியானால் அப்பாவுக்குத்தான் ஏதோ என்று கேட்க, அந்த அம்மாள் அழ, அக்கம்பக்கத்தார் வண்டி வைத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் சோளக்காட்டுக்கு வந்து சேர்ந்தபோது நாங்கள் இருவரும் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தோம். நஜிமாம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அத்தனை கூத்துக்குப் பிறகும் ரமீஸ் பொறுமையாகத் திரும்பக் கூப்பிட்டு எல்லாம் சொன்னான். டொரண்டோவில் தமிழ்க் கடை இருக்கிறது, கோயில் இருக்கிறது, முருங்கைக்காய் கிடைக்கிறது, எல்லாம் சரி. புதிதாக வருகிறவர்கள் பல பேர் பேஸ்மெண்டில்தான் குடியிருப்பார்கள் என்றான். அது என்ன என்றேன். வீட்டுக்குக் கீழே, தரைக்கு அடியில் இருக்கிற அறை என்று தன்னுடையதையே சுற்றிக் காட்டினான். ஜன்னல் என்று ஒன்று உத்தரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதில் பனிதான் தெரிகிறது. மாப்பிள்ளை, மேகம் வாசலில் வந்து நிற்கிற ஊரில் வளர்ந்த பெண்ணைத் தரைக்கு அடியில் குடி வைக்கவா நான் நர்சிங் படிக்க வைத்தேன் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

கால்கரியைப் பற்றியும் ரமீஸே சொன்னான். அங்கே ரோடு நல்ல அகலம், நேராக இருக்கும் என்றதும் எனக்கு ஆசை வந்தது. குளிர்காலத்தில் இஞ்சின் உறைந்துவிடாமல் இருக்க, நிறுத்திவைத்த வண்டிக்கு ஒயர் சொருகிக் கரண்டு கொடுப்பார்கள் என்று அடுத்ததாகச் சொன்னான். ஆசை போய்விட்டது. வண்டியே தாங்காத குளிரை மனுஷர் எப்படித் தாங்குவது? வான்கூவரை நானே போனில் வீடியோ போட்டுப் பார்த்தேன். மழை, மலை, கடல் எல்லாம் இருக்கிறது, அழகான ஊர். ஆனால் சில பஸ்களுக்குத் தலையில் இரண்டு கம்பி, மேலே போகிற ஒயரைப் பிடித்துக்கொண்டே ஓடுகின்றன. எதிரே லாரி வந்தால் அந்த டிரைவர் எப்படிப் பின்னால் எடுத்து ஒதுங்குவான் என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கம் கெட்டது. அந்த வண்டியை ஓட்டப்போவது நீங்கள் இல்லை என்று அத்தை போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

மூன்று ஊருக்கும் மூன்று குறை இருந்ததால் சாமியிடம் உத்தரவு கேட்பது என்று முடிவானது. நீங்கள் சமவெளிக்காரர், எங்கள் வழக்கம் தெரியாமல் இருக்கலாம். கிடாயைக் கோயில் முன்னால் நிறுத்தி, மனதில் உள்ளதைக் கேட்டு, மேலே தீர்த்தம் தெளிக்க வேண்டும். அது உடம்பை உலுக்கிச் சிலுப்பினால் சாமி சரி என்கிறது, சும்மா நின்றால் சம்மதமில்லை. எங்களிடம் கிடாய் இல்லாததால் பக்கத்து ஊட்டு மாதம்மாளிடம் கேட்டேன். சிலுப்ப மட்டும்தான் தருவேன், வெட்டக் கேட்டால் பல்லைத் தட்டிவிடுவேன் என்று பேசிவிட்டுத்தான் கயிற்றைக் கையில் கொடுத்தாள். பூசாரி குழந்தைசாமி டொரண்டோ என்ற பெயரை நாலு தடவை சொல்லிப் பழகிக்கொண்டு கேட்டார். கிடாய் உடனே சிலுப்பியது. அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது, மகள் கேட்ட ஊரையும் கேட்கச் சொன்னாள். வான்கூவருக்கும் சிலுப்பியது. கால்கரிக்கும் சிலுப்பியது. குழந்தைசாமிக்குச் சந்தேகம் வந்து, தம்முடைய மருமகன் குடியை விடுவானா என்று கேட்டுப் பார்த்தார், அதற்கும் சிலுப்பியது. அப்போதுதான் அண்ணாந்து பார்த்தோம். நாங்கள் வந்ததிலிருந்து சாரல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எங்களுக்குச் சாரல் பழக்கம், உறைக்கவில்லை. கிடாய் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கிறது, நாங்கள் சாமி உத்தரவு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பிறகு கோயிலுக்கு உள்ளே கொண்டுபோய் என் துண்டால் அதைத் துடைத்து, அத்தையின் சால்வையைப் போர்த்திக் கொஞ்ச நேரம் சூடாக வைத்திருந்தோம். ஊரைக் கேட்பதற்கு முன்னால் கனடாவுக்குப் போகலாமா வேண்டாமா என்று கேட்பதுதான் முறை என்றார் குழந்தைசாமி. கேட்டுத் தீர்த்தம் தெளித்தார். கிடாய் அசையவில்லை. இன்னொரு கை தெளித்தார். அது நின்ற இடத்தில் நின்று அசை போடுகிறது. குழந்தைசாமி என் முகத்தைப் பார்க்காமல் வெளியே மழையைப் பார்க்கிறார். இப்படியே கிளம்பினால் மகளிடம் என்ன சொல்வது? படித்த நாளிலிருந்து அவள் ஆசைப்பட்டது இது. மழை விட்டதா என்று பார்க்கக் குழந்தைசாமி வாசலுக்குப் போன சமயம், சொம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீரைக் கிடாயின் காதில் விட்டேன். அது உலுக்கிய உலுக்கில் மூன்று பேரும் நனைந்தோம். சாமிக்குக் கோபம் என்றால் என்னைக் கோபித்துக்கொள்ளட்டும். இந்தப் பத்தியைக் கோகிலா படிக்காமல் தாண்டிவிடச் சொல்லவும்.

அத்தை பார்த்துவிட்டாள். ஊட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் கேட்டாள்.

"ஏனுங்க, அவ போறான்னு சோறு தண்ணி இல்லாம கெடந்தது நீங்கதானுங்களே. அப்புறம் எதுக்குக் காதுல ஊத்துனீங்க?"

"புள்ள ஆசைப்பட்டுட்டா, அம்சவேணி. ஆட்டைக் காட்டி நிறுத்தச் சொல்றியா?"

அவள் அடுப்புப் பற்ற வைக்கப் போய்விட்டாள். அடுப்படியில் இப்போது கிடாயும் இருக்கிறது. மழையில் நனைந்ததால் அதற்குச் சளி பிடித்துவிட்டது, தும்மல் நிற்கிற வரை நீங்களே வைத்துப் பாருங்கள் என்று மாதம்மாள் விட்டுவிட்டுப் போய்விட்டாள். மிளகு ரசம் வைத்தால் குடிக்கிறது. எனக்கு வைத்த ரசத்தையும் சேர்த்துக் குடிக்கிறது. அத்தை அதைக் கண்ணு, சாமி என்று கூப்பிடுவதைப் பார்த்தால் தும்மல் நின்றாலும் திருப்பிக் கொடுப்பாள் என்று தோன்றவில்லை.

ஆகவே, சாமி சொல்லாமல் விட்டதை நானே சொல்கிறேன். தீர்ப்பு வான்கூவர். இது கோகிலா கேட்ட ஊர் என்பதால் சொல்லவில்லை என்பதைத் தாங்கள் பெரிய மனதோடு நம்ப வேண்டும். அங்கே சாரல் பெய்கிறது, பக்கத்தில் மலை தெரிகிறது, ஜன்னலைத் திறந்தால் அவளுக்குப் பழகிய மாதிரி ஏதாவது ஒன்று கண்ணில் படும், நைட் டூட்டி முடிந்து வருகிறவளுக்கு அது வேண்டும். உங்கள் பெரியப்பா மகனிடம் நானே போன் போட்டுப் பேசுகிறேன், வருத்தப்படாமல் பார்த்துக்கொள்கிறேன். வீடு பார்க்கும்போது தரைக்கு மேலே இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவும். ஒயரில் ஓடுகிற பஸ்ஸில் இருவரும் பின் சீட்டில் உட்காராமல், டிரைவர் பக்கத்தில் உட்காரவும். முடிந்தால், எதிரே லாரி வந்தால் என்ன செய்வாய் என்று அவரிடம் கேட்டு எனக்கு எழுதவும். தாமதிக்காமல் டிக்கெட் போடுங்கள், இதில் இனி மாற்றமில்லை, என் முடிவான முடிவு.

யாக்கூப் பாய் இருவருக்கும் சலாம் சொல்லச் சொன்னார். நஜிமாம்மாவும் பிறகு சமாதானமாகி, கோகிலாவுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டிருக்கிறார். அந்த ஊர் மழை உங்கள் தலையில் மெதுவாகவே விழட்டும், இருவரும் ஒரே குடைக்குள் நடக்கிற அளவுக்கு ஒற்றுமையாக இருங்கள். அத்தை ஆசீர்வாதம் சொன்னாள்.

இப்படிக்கு,
பிரியமுள்ள மாமன்
அப்பாசாமி

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது ஞாபகம் வந்தது. மலைக்குக் கீழே இருக்கிற நாமக்கல்லையும் மாநகராட்சி ஆக்கிவிட்டார்கள். அங்கே பெரிய பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, கோகிலாவுக்கு வேலை கிடைக்கும். உங்கள் கம்ப்யூட்டர் வேலையை எங்கிருந்தும் செய்யலாம் என்று நீங்களே பெண் பார்க்க வந்த அன்று சொன்னீர்கள். எந்தப் பெரிய ஊரில் குடியிருப்பது என்றுதானே கேட்டீர்கள்? அதுவும் பெரிய ஊர்தானுங்க மாப்பிள்ளை.