அணைக்கட்டில் நகராத கேரவன்

சாவியைத் திருப்பினால் கேரவனில் ஒரு முனகல்கூட இல்லை. அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கவலை இருந்தது, ஆனால் ஒட்டவைத்த கவலை. ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டதை நான் பார்த்துவிட்டேன். சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"என்ன பண்றது, ராத்திரி அணைக்கட்டுலயே தங்கிட வேண்டியதுதான்," என்றபடி மடக்கு நாற்காலிகளை இறக்கினார்.

சாயங்காலம் ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் படுக்கையெல்லாம் வைத்த இந்தக் கேரவனை வாங்க எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அம்மாவால் முழங்கால் வலியோடு அந்தப் படியில் ஏற முடியவில்லை. அண்ணன் வேலைக்கு வெளியூர் போய்விட்டான். நான் பள்ளிக்கூடத்தோடு போதும் என்று நிறுத்தியாச்சு. திங்கட்கிழமையிலிருந்து துணிக்கடையில் வேலை. அப்புறம் யாருக்கு இந்த வண்டி? அம்மா கேட்டதில் தப்பே இல்லை. அப்பாவுக்குத்தான் மனசு வரவில்லை. கடைசியாக ஒரு தடவை அணையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூட்டிவந்தார். போஸ்ட்மாஸ்டர் பூட்டிய வீட்டைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு போய்விடுவாராம். என்ன ஒரு மூளை.

அம்மா கத்துவாள் என்று காத்திருந்தேன். தள்ளிப் போய் போனில் பேசிவிட்டு வந்தாள்.

"வீட்டுக்கு வரவேணாம்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். வாங்க, அணைமேல நடக்கலாம்."

"உன் முழங்கால்?"

"மெதுவா நடப்போம்."

தண்ணீர் ரொம்பக் கீழே கிடந்தது. நான் சின்னப் பிள்ளையாக வந்தபோது மதகுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் நானும் அண்ணனும் வாயை மட்டும் அசைத்துச் சண்டை போட்டோம். சாரல் கேரவன் கண்ணாடிவரை அடித்தது. ராத்திரி வண்டிக்குள் அண்ணன் தன் காலை என் முகத்தில் போட்டுத் தூங்கினான். இப்படி உருகுவது எனக்குப் பிடிக்காது.

"கல்யாணமான புதுசுல இங்க நின்னு ஏதோ சொன்னியே, ஞாபகம் இருக்கா? தண்ணி சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றார் அப்பா.

"உங்க அக்காவைப் பத்திக் குறை சொன்னேன்."

"ஐயோ, நான் தலையாட்டினேனே."

"அதுக்குத்தான் இங்க வந்து சொன்னேன்."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். என் காதில், "பாத்தியா, உங்கம்மா மனசு மாறிடுச்சு," என்றார்.

திரும்பி வந்தால் கேரவன் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள். போஸ்ட்மாஸ்டரும் அவர் மனைவியும். அந்த அம்மா கையில் இரண்டு தலையணை வேறு.

"அணைக்கே வந்துடுங்க, இன்னிக்கே தங்கிப் பாருங்கன்னு உங்க வீட்டம்மாதான் போன்ல சொன்னாங்க," என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"வண்டி ஓடாதே," என்றார் அப்பா அவசரமாக.

"ஓடும்," என்றாள் அம்மா. "நிஜமா நின்னுதுன்னா இவரு கையெல்லாம் கரியாக்கிக்கிட்டு, டார்ச் எங்கேன்னு என்னைத் திட்டுவாரு. இன்னிக்கு முதல் வேலையா நாற்காலி விரிச்சாரு."

"எங்க வீட்டுக்காரரும் என்னை ஊரெல்லாம் சுத்திக் காட்டறேங்கறாரு," என்று அந்த அம்மா பூரித்தாள்.

அம்மா அவளைப் பரிதாபத்தோடு பார்த்தாள். "டார்ச்சை மட்டும் நீங்களே வச்சுக்குங்க."

பிறகு அப்பாவிடம் கையை நீட்டினாள். "ஃபியூஸ். அப்புறம் சாவி. நாம போற பஸ் வந்துடும்."

ஃபியூஸை உடனே எடுத்துக் கொடுத்தார். கேரவன் படியில் போய் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்து ஹாரன் அடித்தது. "சாவியைக் கொடுங்க," என்று அம்மா மறுபடியும் சொன்னாள், இந்தத் தடவை மெதுவாக. அவர் கொடுக்கவில்லை.