ஒற்றைச் சப்பாத்து மாப்பிள்ளை

காதல் நாவல்களைத் திருத்துகிறவனிடம் காதலைப் பற்றி யோசனை கேட்காதீர்கள். ஜிலேபி சுடுகிறவனுக்கு இனிப்பைக் கண்டாலே குமட்டுமாமே, அந்த நிலைமைதான். சுங்கை பட்டாணியில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் எடிட்டராகச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் இருந்தேன். (பதிப்பகம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்யாதீர்கள். டோபிக் கடைக்கு மேல்மாடி. கீழே துணி காயவைக்கும் இயந்திரம் ஓடினால் மேலே என் மேசை ஆடும்.)

எனக்கு ஒரு ஜென்ம எதிரி இருந்தது. பார்த்தவுடன் வரும் காதல். வருகிற நாவலிலெல்லாம் கதாநாயகன் லிப்டிலிருந்து வெளியே வருவான், கதாநாயகி எதிரே வருவாள், கண்ணும் கண்ணும் சந்திக்கும், உடனே காற்று நின்றுவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தக் காலத்தில் எவன் அப்படி விழுகிறான்? முதலில் இன்ஸ்டாகிராமில் தேடுகிறார்கள், பழைய படங்களையெல்லாம் நோண்டுகிறார்கள், யாரோடு சுற்றினான் என்று நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். அதற்கப்புறம்தான் மனசு, காதல், மண்ணாங்கட்டி எல்லாம். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் 'நம்பும்படி இல்லை' என்று சிவப்பு மையில் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தேன். எனக்கு அதுவரை ஒரு காதலும் வந்ததில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுவது நியாயம்.

அப்படி நான் கை வைத்த நாவல்களில் ஒன்று புஷ்பவல்லி டீச்சருடையது. அலோர் ஸ்டார் பக்கம் மெர்கோங்கில் இருந்தார். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை. முதல் நாவல். முதல் அத்தியாயத்தில், கோலா கெடா படகுத்துறையில் லங்காவி பெர்ரிக்கு வரிசையில் நிற்கிற கதாநாயகி, முன்னால் நிற்கிற ஒருவன் திரும்பிப் பார்த்த மாத்திரத்தில் காதலில் விழுந்துவிடுவாள். நான் சும்மா இருப்பேனா? 'கருவாட்டு வாடையில் காதலா? அத்தியாயம் முழுவதையும் வெட்டவும். இருவரும் ஒரே அலுவலகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்துப் பழகட்டும்' என்று எழுதி அனுப்பினேன்.

மறுநாள் போன் வந்தது.

"தம்பி, அந்த அத்தியாயம் இல்லன்னா புத்தகமே வேணாம். திருப்பி அனுப்பிடுங்க."

குரல் உயரவே இல்லை. அதுதான் பயம். வகுப்பில் பேசிக்கொண்டிருந்த பையன் மாதிரி நான் எழுந்து நின்றேன். (போனில்தான். இருந்தாலும் நின்றேன்.) என் முதலாளிக்கு அந்த நாவல் மேல் உயிர். "நீயே நேர்ல போ. அந்தம்மாவ சம்மதிக்க வை, இல்ல நீ சம்மதிச்சிட்டு வா. புத்தகம் இல்லாம மட்டும் இந்தப் பக்கம் வராத!" என்று சொல்லிவிட்டார். டீச்சரும் பெருந்தன்மையாக, சனிக்கிழமை எங்கள் வீட்டில் தீபாவளி ஓப்பன் ஹவுஸ், வந்து சாப்பிட்டுவிட்டுப் பேசுங்கள் என்றார்.

எங்கள் நாட்டுத் தீபாவளி ஒரே நாளில் முடிகிற சமாச்சாரம் இல்லை. அதற்கப்புறம் வரும் வார விடுமுறைகளிலெல்லாம் யார் வீட்டிலாவது ஓப்பன் ஹவுஸ் இருக்கும். வாசலில் கூடாரம் தெரிந்தால் போதும், சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம், உட்காரலாம், சாப்பிடலாம். நீ யார் பெற்ற பிள்ளை என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் அதுதான் மரியாதைக் குறைவு. இந்த நல்ல பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

டீச்சர் இருந்த தாமானில், அதாவது குடியிருப்பில், எல்லாம் ஒரே மாதிரி வரிசை வீடுகள். ஒவ்வொரு லோரோங்கிலும் (சந்தைத்தான் அப்படிச் சொல்வோம்) வீட்டு எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். நான் சரியான எண்ணுள்ள வீட்டுக்குத்தான் போனேன். லோரோங்தான் தப்பு. வாசலில் கூடாரம் இருந்தது, மேசையில் முறுக்கு இருந்தது, உள்ளேயிருந்து ஆட்டிறைச்சிப் பிரட்டல் வாசம் வந்தது. இதற்கு மேல் ஒருவனுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? அந்தக் கூடாரம் முந்தின நாள் ஓப்பன் ஹவுஸுக்குப் போட்டது, ஆள் வந்து இன்னும் பிரிக்கவில்லை, அன்றைக்கு அந்த வீட்டில் நடக்கவிருந்தது பெண் பார்க்கும் வைபவம் என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

"வாங்க தம்பி, வாங்க! வழி தெரிஞ்சு வந்துட்டீங்களே! மத்தவங்கல்லாம் எங்க?" என்று ஓர் அம்மா ஓடிவந்தார்.

"பின்னால வந்துகிட்டே இருப்பாங்க ஆன்ட்டி" என்றேன். ஓப்பன் ஹவுஸ் என்றால் ஆள் வராமலா இருப்பார்கள்?

அந்த வீட்டில் மாப்பிள்ளையின் ஒரே ஒரு படத்தைத்தான் பார்த்திருந்தார்களாம். பட்டமளிப்பு விழாவில் அங்கியும் தொப்பியுமாக எடுத்த படம். அந்தத் தொப்பிக்குக் கீழே யார் மூஞ்சியை வைத்தாலும் பொருந்தும். பெண்ணோ, "படமெல்லாம் வேணாம், நேர்ல பாத்துக்குறேன்" என்று அதையும் பார்க்கவில்லை. ஆகவே சோபாவின் நடுவில் ராஜ மரியாதையோடு உட்காரவைக்கப்பட்டேன். தட்டு நிறைந்தது. டீச்சர் எங்கே என்று கேட்க வாய் வரவில்லை. (சாப்பிட்டுவிட்டுத் திட்டு வாங்கலாம் என்று ஒரு திட்டம்.)

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் தொண்டையைக் கனைத்தார்.

"தம்பி, நான் சுத்தி வளைக்கல. எங்க பொண்ணு கவிதா என்ன சொல்றான்னா, பாத்த ஒடனே மனசுக்குத் தோணணும், தோணலன்னா வேணாம்ங்குறா. இதுவரைக்கும் வந்த யாரையும் புடிக்கல. இதான் கடைசி, இனிமே யார் முன்னாலயும் வந்து நிக்க மாட்டேன்னு வேற சொல்லிட்டா. பாத்த ஒடனே தோணுறதெல்லாம் நடக்குற கதையா தம்பி? நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

ஆகா, டீச்சர் தன் கணவரை விட்டு ஆழம் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அதற்காக மகளைக்கூட உதாரணம் காட்டுகிறாரே மனிதர்! தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதுவரை ஓரத்தில் மட்டுமே எழுதிக்கொண்டிருந்தவன் மேடை கிடைத்தால் விடுவானா?

"நடக்கவே நடக்காது அங்கிள். பாத்த ஒடனே ஒண்ணும் வராது. வந்தா அது பசி, இல்லன்னா தூக்கக் கலக்கம். ஒருத்தர ஒருத்தர் புரிஞ்சுக்க கொறஞ்சது ரெண்டு வருஷம் ஆகும். என்னக் கேட்டா இந்த ஆரம்பத்தையே வெட்டிட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு தொடங்கலாம்."

பெரியவரின் முகம் சுருங்கிப்போனது. அப்போது பார்த்து உள்ளேயிருந்து ஒரு பெண் ரோஸ் சிரப் தட்டோடு வந்தாள். கவிதா. நான் பேசியது அத்தனையும் அவள் காதில் விழுந்திருந்தது. என்னை ஒரு தடவை, நிதானமாக, தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். காற்று நிற்கவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. மேலே விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வருஷமா? நான் என்ன டிப்ளோமா கோர்ஸா?" என்றாள்.

அந்த அம்மா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். "பொண்ணு பாக்க வந்த எடத்துல இப்படியா தம்பி பேசுவாங்க? அவளே இப்பத்தான் மனசு எறங்கி வந்தா..."

பொண்ணு பாக்க? சோபாவிலிருந்து துள்ளி எழுந்தேன். நான் ஓப்பன் ஹவுஸுக்கு வந்தவன், நாவல் திருத்துகிறவன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஐயோ, ஒரு பெண்ணின் கடைசிச் சம்மதத்தைக் கெடுத்துவிட்டேனே! அதற்குள் வாசலில் காடி வந்து நிற்கும் சத்தம், நிறைய பேர் இறங்கும் சத்தம், ஒரு குழந்தை வீறிட்டு அழும் சத்தம்.

உண்மையான மாப்பிள்ளை வந்துவிட்டார். பெயர் தினேஷ். பண்டார் பாருவிலிருந்து, கெடாவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு, அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். குழந்தை வழியில் அவர் தோளில் பாலைக் கக்கியிருந்தது. சட்டை கசங்கி, முடி கலைந்து, பார்க்கச் சகிக்கவில்லை. நான் எழுதச் சொல்லும் கதாநாயகன்கூட இன்னும் கொஞ்சம் நன்றாக இருப்பான். வாசலில் குனிந்து ஒரு சப்பாத்தைக் கழற்றினார். இன்னொன்றில் கை வைத்தபடி நிமிர்ந்து, கம்பிக் கதவு வழியாக உள்ளே பார்த்தார்.

கவிதா தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்து நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். சாமி சத்தியமாகப் பார்த்தேன். அந்த மனிதர் ஒரு காலில் சப்பாத்தோடு அப்படியே வீட்டுக்குள் நடந்து வந்துவிட்டார். தமிழர் வீட்டுக் கூடத்தில், சாமி மாடம் இருக்கிற கூடத்தில், பெண் பார்க்க வந்த இடத்தில்! அவருடைய அம்மா பின்னாலிருந்து "டேய், காலு, காலு" என்று கிசுகிசுத்தார். அவருக்குக் கேட்கவில்லை. பெரியவருக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

கவிதா அவர் காலைப் பார்த்தாள். அப்புறம் முகத்தைப் பார்த்தாள். சற்றுமுன் என்னை அளந்த அதே கண்தான், ஆனால் அது வேறு கண்.

"சப்பாத்து" என்றாள் மெதுவாக.

தினேஷ் குனிந்து பார்த்தார். "ஆமா" என்றார். கழற்றவில்லை. அங்கேயே நின்றார். அவளும் நின்றாள். இரண்டு குடும்பம் சுற்றி நிற்கிறது, குழந்தை அழுகிறது, அந்த இரண்டு பேருக்கும் அதெல்லாம் இல்லவே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போனது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை. அத்தனை நாவல்களை வெட்டியவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். என்ன ஓர் அதிசயம் அது! ஒரே கூடம், ஒரே பெண், ஒரே ரோஸ் சிரப். என்னைப் பார்த்தபோது வராத ஒன்று அங்கே வந்து நின்றது, நானே அதற்குச் சாட்சி.

அழகாகப் பேசுவது, மழை பெய்வது, காற்று நிற்பது என்று எழுதுகிறார்களே, அதுதான் நம்பமுடியாதது. நிஜத்தில் இருவரும் சுத்த மடையர்களாக நின்றார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

"அப்போ... நீங்க யாரு?" என்று பெரியவர் கடைசியில் என் பக்கம் திரும்பினார். கூடமே திரும்பியது.

தட்டுத் தடுமாறிச் சொன்னேன். தினேஷின் அக்காதான் முதலில் சிரிக்கத் தொடங்கினார். பிறகு யாராலும் அடக்கமுடியவில்லை. எனக்குத் தரை பிளந்தால் தேவலாம் என்றிருந்தது. ஓடிவிடலாம் என்றாலோ அவர்கள் காடி வாசலை மறித்து நின்றது. கவிதாவின் அம்மா கண்ணைத் துடைத்த அதே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பரவால்ல லா, ஓப்பன் ஹவுஸ்னு நெனச்சு வந்த புள்ள. இருந்து சாப்ட்டுப் போகட்டும்" என்றார். மறுபடியும் ஒரு தட்டு வந்தது. அவமானத்தோடு சாப்பிட்டாலும் அந்தப் பிரட்டல் பிரமாதம்.

அங்கிருந்து நேராகச் சரியான லோரோங்குக்குப் போனேன். புஷ்பவல்லி டீச்சர் வாசலிலேயே நின்றார்.

"என்ன தம்பி இவ்ளோ நேரம்? சரி, சொல்லுங்க. வெட்டணுமா, வேணாமா?"

"ஒரு எழுத்தும் வேணாம் டீச்சர். அப்படியே இருக்கட்டும்."

சண்டைக்குத் தயாராக நின்றவருக்கு ஏமாற்றமாகிவிட்டது. "வேணும்னா அந்தக் கருவாட்டு வாடைய மட்டும் எடுத்துடவா?" என்றார்.

"ஐயோ, அதான் டீச்சர் முக்கியம்!"

புத்தகம் வந்தது. கவிதாவுக்கும் தினேஷுக்கும் கல்யாணமும் ஆனது. எனக்குப் பத்திரிகை வைக்க இருவருமே டோபிக் கடை மாடிக்கு ஏறி வந்தார்கள். இப்போதும் ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். தினேஷ் எங்களோடு பேசிக்கொண்டிருப்பார். கவிதா சமையலறையிலிருந்து வெளியே வந்தால் பேச்சு பாதியில் நின்றுவிடும். இத்தனை வருடம் ஆகியும்! எதைப் பற்றிப் பேசினோம் என்று நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் எனக்கு அதே புல்லரிப்புதான்.

ஒரு வருடம் பொறுக்கமாட்டாமல் கவிதாவிடம் கேட்டேவிட்டேன். "அன்னிக்கு மொதல்ல என்னத்தானே பாத்தீங்க. நெசமாவே ஒண்ணும் தோணலையா?"

கவிதா கொஞ்சம் யோசித்தாள். மனம் நோகாமல் சொல்லவேண்டும் என்ற அக்கறை முகத்தில் தெரிந்தது. "தோணுச்சுண்ணே. கடையில நல்ல பிரிட்ஜ் ஒண்ணப் பாத்தா எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சு."

அதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது அவர்கள் மகள். அன்றிலிருந்து நான் அந்த வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தாலே போதும், லோரோங் முழுக்கக் கேட்கும்படி அந்தக் குட்டி கத்துவாள்: "அம்மா! பிரிட்ஜ் மாமா வந்துட்டாரு!"